எதை அளந்தார்கள்? சினைப்பை நீர்க்கட்டிச் சிகிச்சை ஆய்வுகள் குறித்து ஒரு வாசிப்பு

1. கேள்வி

பதினேழு வயதுப் பெண்ணின் ஸ்கேன் அறிக்கை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். வலது சினைப்பை, இடது சினைப்பை என்று இரண்டு வரிகள். ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், கன அளவு. படத்தில் சினைப்பையின் விளிம்பை ஒட்டி, மணி கோத்தாற்போல் சிறு கரும்புள்ளிகள். "நீர்க்கட்டி இருக்கு" என்று கேட்டதும் கூட வந்திருக்கும் தாய் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "டாக்டரம்மா, நாளைக்கு இவளுக்குக் குழந்தை பிறக்கிறதுல ஏதும் சிக்கல் வருமா?"

தாயின் கவலை இயல்பானது. ஆனால் மருத்துவ ஆய்வும் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாக அதே கேள்வியைத்தான் முதலில் கேட்டுவந்திருக்கிறது. இந்நோய்க்கு ஒரு மருந்து 'பலன் தருகிறது' என்று ஓர் ஆய்வு சொல்லும்போது அங்கே பலன் என்று எதை அளந்தார்கள்? மாதவிலக்கு வந்ததையா, சினைமுட்டை வெளிவந்ததையா, குழந்தை பிறந்ததையா, சர்க்கரை குறைந்ததையா, அந்தப் பெண்ணின் வாழ்வு இலகுவானதையா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு முக்கியமான சில ஆய்வுகளை இக்கட்டுரை பரிசீலிக்கிறது. பிள்ளைப்பேறு என்ற ஒற்றை அளவுகோல் இத்துறைக்கு உறுதியான சில விடைகளைத் தந்தது. அதே அளவுகோல் நோயின் பெரும்பகுதியைப் பார்வைக்கு வெளியே நிறுத்தியும் வைத்தது என்பதே இதன் வாதம்.

2. சொல்லும் பொருளும்

மக்கள் வழக்கில் இது 'நீர்க்கட்டி' அல்லது 'பிசிஓடி'. மருத்துவர்கள் பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சின்ட்ரோம்) என்கிறார்கள். ஒரே நோயாக இல்லாமல் பல குறிகளின் தொகுப்பாக இருப்பதால் 'சின்ட்ரோம்' என்ற பெயர். 'கர்ப்பப்பையில் கட்டி' என்று சொல்வோரும் உண்டு. அது தவறு. இது கர்ப்பப்பையைச் சேர்ந்ததன்று. ஸ்கேனில் தெரிபவை கட்டிகளும் அல்ல. மாதந்தோறும் சினைப்பையில் வளரத் தொடங்கும் சினைமுட்டைப் பைகள், முதிர்ந்து வெடிக்கும் நிலையை எட்டாமல் பாதியில் நின்றுவிட்டவை அவை. ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

வளர்ச்சி ஏன் பாதியில் நிற்கிறது? பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் எல்எச் ஹார்மோன் மிகும்போது சினைப்பை, ஆண்ட்ரோஜன்கள் எனப்படும் ஆண்தன்மை ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கிறது. உடல் இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்க்காதபோது கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. இரத்தத்தில் மிகுந்த அந்த இன்சுலின் சினைப்பையின் ஆண்ட்ரோஜன் சுரப்பை இன்னும் தூண்டுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் முடி, பரு, கழுத்தின் பின்புறம் படரும் கருமை, எடை ஏற்றம் ஆகியவை வெளியில் தெரிபவை. 2012இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, 'நீர்க்கட்டி' என்ற பெயரே கவனத்தைத் திசைதிருப்புகிறது, அதை மாற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது. பெயர் ஒரு படத்தைச் சுட்டுகிறது. நோயோ உடல் முழுவதும் பரவிய ஹார்மோன், வளர்சிதை மாற்றக் கோளாறு.

3. ஏழு பெண்கள்

1721இல் இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ வல்லிஸ்னேரி, மணமாகியும் குழந்தையில்லாத ஓர் இளம் உழவர்குலப் பெண்ணின் சினைப்பைகள் வெளிறிப் பளபளத்து, புறா முட்டையளவு பருத்திருந்ததைப் பதிவுசெய்தார். நவீன மருத்துவத்தில் இந்நோய் தனக்கென ஓர் இடம் பெற்றது 1935இல். சிகாகோவைச் சேர்ந்த இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவந்தால் இருவரும் ஏழு பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதவிலக்கு நின்றுபோன அப்பெண்களின் வயிற்றைத் திறந்து, ஒவ்வொரு சினைப்பையிலும் பாதி முதல் முக்கால் பங்கு வரை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிலக்கு திரும்பியது, இருவர் கருவுற்றனர்.

இந்தக் கட்டுரையின் பெருமை மறுக்க முடியாதது. தனித்தனியாகப் பார்க்கப்பட்ட குறிகளை ஒரே தொகுப்பாகக் கண்டது அது. ஆயினும் ஆய்வு என்ற முறையில் அதன் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. இந்நோயில் மாதவிலக்கு தானாகவே வந்தும் நின்றும் போகும். ஆகவே அறுவையால் வந்தது எவ்வளவு, தானே வந்தது எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. வயிற்றைத் திறந்து செய்த அறுவை சினைப்பையைச் சுற்றி ஒட்டுத்தழும்புகளை உண்டாக்கி, அதுவே கருத்தரிப்பைத் தடுப்பதும் நேர்ந்தது. 1960களில் சினைமுட்டையைத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரை வந்த பிறகே அந்த அறுவை பின்வாங்கியது. ஆனால் ஸ்டைனும் லெவந்தாலும் எடுத்த அளவுகோல் நின்றுவிட்டது: மாதவிலக்கு வந்ததா? கரு தரித்ததா?

4. ஒரே பெண்கள், மூன்று எண்கள்

சிகிச்சையை அளப்பதற்கு முன் நோயாளி யார் என்று முடிவாக வேண்டும். இங்கேயே கருத்து வேறுபாடு தொடங்குகிறது. 1990இல் அமெரிக்காவில் உருவான வரையறை இரண்டைக் கேட்டது: ஆண்ட்ரோஜன் மிகுதி, சினைமுட்டை ஒழுங்காக வெளிவராமை. ஸ்கேனுக்கு அதில் இடமில்லை. 2003இல் ராட்டர்டாமில் கூடிய நிபுணர்கள் ஸ்கேனையும் சேர்த்து, மூன்றில் ஏதேனும் இரண்டு இருந்தால் போதும் என்றார்கள். 2006இல் ஆண்ட்ரோஜன் மிகுதி ஆய்வுச் சங்கம், ஆண்ட்ரோஜன் மிகுதி கட்டாயம் இருக்க வேண்டும் என்று இறுக்கியது. மூன்றுக்குமே, தைராய்டு முதலிய வேறு காரணங்களை முதலில் விலக்கியாக வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் பணிக்குழு நாட்டின் பல பகுதிகளில் 18 முதல் 40 வயது வரையிலான 9,824 பெண்களை ஆராய்ந்து 2024இல் முடிவுகளை வெளியிட்டது. 1990 வரையறைப்படி 7.2 சதவீதத்தினருக்கு நோய். 2006 வரையறைப்படி 13.6 சதவீதம், ராட்டர்டாம் வரையறைப்படி 19.6 சதவீதம். பெண்கள் அதே பெண்கள்தான். வரையறை மாறியதும் நூற்றுக்கு ஏழு என்பது ஐந்தில் ஒருவர் என்றாகிறது.

எண்ணும் முறையும் எண்ணிக்கையை மாற்றும். இலங்கையின் கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயதுப் பெண்களிடையே நடந்து 2008இல் வெளியான ஆய்வு 6.3 சதவீதம் என்றது. அங்கே முதலில் வீடு வீடாகக் குறிகளைக் கேட்டறிந்து, ஐயத்துக்குரியவர்களை மட்டும் மேற்கொண்டு பரிசோதித்தார்கள். குறிகளைச் சொல்லத் தயங்கியவர்கள் அக்கணக்கில் விடுபட்டிருக்கக்கூடும்.

கருவியும் தன் பங்குக்கு எண்ணிக்கையைக் கூட்டுகிறது. ஒரு சினைப்பையில் 12 பைகள் இருந்தால் நோய்க்குறி என்றது ராட்டர்டாம். ஸ்கேன் கருவிகள் கூர்மையானபோது நலமான இளம்பெண்களிடமும் 12க்கு மேல் தெரியத் தொடங்கியது. 2018இல் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் ஹெலெனா டீட் தலைமையில் உருவான பன்னாட்டு வழிகாட்டுதல் அந்த எல்லையை 20 ஆக உயர்த்தியது. பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகாத பெண்களுக்கு, நோயைக் கண்டறிய ஸ்கேனைப் பயன்படுத்தவே கூடாது என்றும் அது சொன்னது. அந்த வயதில் பல பைகள் தெரிவது இயல்பு. நம் பதினேழு வயதுப் பெண் பன்னிரண்டில் பூப்பெய்தியிருந்தால், அவள் கையிலுள்ள அறிக்கையைக் கொண்டு எதையும் தீர்மானிக்க இயலாது.

'பிசிஓடி பெருகிவிட்டது' என்ற செய்திகளை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். வாழ்க்கைமுறை மாற்றத்தால் உண்மையாகவே கூடியிருக்கலாம். ஆனால் வெவ்வேறு வரையறைகளால் பெற்ற எண்களை அடுத்தடுத்து வைத்துப் பெருக்கத்தை நிறுவ முடியாது.

5. இன்சுலினும் மெட்ஃபார்மினும்

சர்க்கரைக்கும் இந்நோய்க்கும் உறவுண்டு என்ற ஐயம் பழையது. 1921இலேயே பிரெஞ்சு மருத்துவர்கள் அஷார், தியேர் இருவரும் தாடி வளர்ந்த பெண்களின் நீரிழிவு பற்றி எழுதினார்கள். 1980இல் பர்கனும் உடன் ஆய்ந்தோரும் இந்நோயுள்ள பெண்களின் இரத்தத்தில் இன்சுலினும் ஆண்ட்ரோஜனும் சேர்ந்தே உயர்ந்திருப்பதைக் காட்டினார்கள். உடல் பருமன்தான் காரணம் என்று அதைத் தள்ளிவிட முடியாது என்பதை 1989இல் ஆண்ட்ரியா டுனைஃப் குழு நிறுவியது: ஒத்த எடையுள்ள நலமான பெண்களோடு ஒப்பிட்டாலும் இவர்களின் உடல் இன்சுலினுக்குக் குறைவாகவே செவிசாய்த்தது.

அப்படியானால் நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் இதற்கும் உதவுமா? 1994இல் வெனிசுவேலாவிலிருந்து வெளிவந்த சிறிய ஆய்வு நம்பிக்கை அளித்தது. இன்சுலினும் ஆண்ட்ரோஜனும் குறைந்தன, சிலர் கருவுற்றனர். அடுத்த பத்தாண்டுகளில் குழந்தையின்மைச் சிகிச்சையில் மெட்ஃபார்மின் பரவலாயிற்று.

2007இல் ரிச்சர்ட் லெக்ரோ தலைமையில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு அந்த நம்பிக்கையைச் சோதித்தது. 626 பெண்களைச் சமவாய்ப்பு முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் குளோமிஃபீன், ஒன்றுக்கு மெட்ஃபார்மின், ஒன்றுக்கு இரண்டும். யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது, பெண்ணுக்கும் தெரியாது. ஆறு மாதச் சிகிச்சையின் பயனாக உயிருடன் குழந்தை பெற்றவர்கள் முறையே 22.5, 7.2, 26.8 சதவீதம். இரண்டையும் சேர்த்துத் தந்ததில் கிடைத்த கூடுதல், புள்ளியியல்படி உறுதியானதன்று.

இங்கே ஒரு பாடம் உண்டு. மெட்ஃபார்மின் குழுவில் சினைமுட்டை வெளிவந்தவர்களை மட்டும் எடுத்தாலும், குளோமிஃபீன் குழுவில் அவ்வாறு வெளிவந்தவர்களைவிடக் குறைவாகவே கருவுற்றனர். சினைமுட்டை வெளிவந்ததை மட்டும் அளந்து நின்றிருந்தால் இந்த வேறுபாடு தெரிந்திராது. இறுதிப் பயனை அளந்ததே இவ்வாய்வின் வலிமை.

ஆனால் இதைப் படித்த பலர் 'மெட்ஃபார்மின் பயனற்றது' என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் குழந்தை பிறக்கச் செய்வதில் அது குளோமிஃபீனுக்கு ஈடாகவில்லை என்றுதான் சொன்னது. எடை, இன்சுலின், சர்க்கரை ஆகியவற்றை அளவாகக் கொண்டால் மெட்ஃபார்மினுக்கு இன்றும் இடமுண்டு. 2023ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் அதற்காகவே அதைப் பரிந்துரைக்கிறது. மருந்து ஒன்று, அளவுகோல் இரண்டு, தீர்ப்பும் இரண்டு.

6. லெட்ரோசோல்: ஒரு தடையின் வரலாறு

ஆய்வை வாசிக்கும் முறை ஒரு நாட்டின் பெண்களை எப்படிப் பாதிக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று இருக்கிறது. லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து. அது உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைச் சில நாட்கள் தடுக்கும். குறைவை உணர்ந்த மூளை, சினைமுட்டையை வளர்க்கும் எஃப்எஸ்எச் ஹார்மோனைக் கூட்டும். இந்தக் குணத்தால் அது குழந்தையின்மைச் சிகிச்சைக்கு வந்தது. இந்தியாவில் அதற்கு அனுமதியும் தரப்பட்டிருந்தது.

2005இல் கனடாவில் நடந்த மருத்துவ மாநாட்டில், இம்மருந்தால் பிறந்த சுமார் 150 குழந்தைகளிடம் சிலவகைப் பிறவிக் குறைகள் கூடுதலாக இருந்ததாக ஓர் ஆய்வுச் சுருக்கம் வாசிக்கப்பட்டது. ஒப்பீட்டுக்கு எடுத்தவை, சிக்கல் குறைந்த 36,000க்கும் மேற்பட்ட பிரசவங்கள். குழந்தைக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்த, வயதும் கூடிய தாய்மார்களை எளிதில் கருவுற்ற தாய்மார்களோடு ஒப்பிட்டது பொருந்தாது. 2006இல் துலாந்தியும் மற்றவர்களும் சரியான ஒப்பீட்டைச் செய்தார்கள். கனடாவின் ஐந்து மையங்களில் சிகிச்சையால் பிறந்த 911 குழந்தைகளை எடுத்தார்கள். லெட்ரோசோலால் பிறந்த 514 பேரில் 14 பேருக்குக் குறை. குளோமிஃபீனால் பிறந்த 397 பேரில் 19 பேருக்கு. அச்சத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இருந்தும் 2011 அக்டோபரில் இந்திய அரசு குழந்தையின்மைச் சிகிச்சையில் லெட்ரோசோலைத் தடைசெய்தது. அந்தத் தடை நடப்பிலிருந்தபோதே, 2014இல், லெக்ரோ குழு 750 பெண்களைக் கொண்ட அடுத்த ஆய்வை வெளியிட்டது. லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதத்தினருக்கும், குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதத்தினருக்கும் உயிருடன் குழந்தை பிறந்தது. பெரிய பிறவிக் குறைகள் முதல் குழுவில் நான்கு, அடுத்ததில் ஒன்று. இந்த வேறுபாடு தற்செயலாக நேரக்கூடிய அளவினதே. இன்று சினைமுட்டையைத் தூண்ட முதல் மருந்தாகப் பன்னாட்டு வழிகாட்டுதல் பரிந்துரைப்பது லெட்ரோசோலையே. இந்தியாவில் தடை 2017இல் நீங்கியது.

மருந்துக் கட்டுப்பாட்டில் எச்சரிக்கை தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. பிறக்கப்போகும் குழந்தையின் நலம் சார்ந்த அச்சத்தை எவரும் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் எச்சரிக்கைக்கும் ஆதாரம் வேண்டும். புதிய ஆதாரம் வரும்போது முடிவை உடனே மறுபரிசீலனை செய்யும் ஏற்பாடும் வேண்டும். 2014க்கும் 2017க்கும் இடைப்பட்ட காலத்தில் குழந்தை வேண்டி வந்த இந்தியப் பெண்களுக்கு, மேலான மருந்து என்று நிறுவப்பட்ட ஒன்று சட்டப்படி மறுக்கப்பட்டிருந்தது.

இவ்விரு அமெரிக்க ஆய்வுகளுக்கும் பொதுவான ஓர் எல்லையுண்டு. கலந்துகொண்ட பெண்களின் சராசரி உடல் நிறைக் குறியீடு 35 அளவில் இருந்தது. கடும் உடல் பருமன் அது. முன்னர்ச் சொன்ன இந்திய ஆய்விலோ நோயுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பருமன் அற்றவர்கள். மெலிந்த உடலிலும் இன்சுலின் கோளாறு மிகுந்திருப்பது தெற்காசியரின் இயல்பு. அமெரிக்கச் சதவீதங்களை நம் பெண்களுக்கு அப்படியே பொருத்திச் சொல்வது சரியாகாது.

7. அளவுக்குள் வராதவை

இந்தப் பெரிய ஆய்வுகள் அளந்தது குழந்தையை. அங்கே இடமில்லாத பெண்கள் யார்? மணமாகாதவர்கள், குழந்தை போதும் என்றவர்கள், ஐம்பதைக் கடந்தவர்கள். அவர்களுக்கும் நோய் இருக்கிறது.

மாதக்கணக்கில் இரத்தப்போக்கு வராமல் இருந்தால் கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகிறது. காலப்போக்கில் அங்கே புற்று தோன்றும் வாய்ப்பு, மொத்தத்தில் குறைவே என்றாலும், மற்றப் பெண்களைவிடக் கூடுகிறது. 'மாதம் வராதது ஒரு தொல்லை குறைவு' என்று விட்டுவிடக் கூடாத காரணம் இது. தொண்ணூறு நாட்களுக்கு மேல் தள்ளிப்போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒழுங்கற்ற மாதவிலக்குக்கும் முடி வளர்ச்சிக்கும் வழிகாட்டுதல் சொல்லும் முதல் மருந்து, கருத்தடைக்குப் பயன்படும் ஹார்மோன் மாத்திரை. மணமாகாத மகளின் மருந்துச்சீட்டில் அந்தப் பெயரைப் பார்க்கும் வீடுகள் பதறுகின்றன. 'கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்' என்ற ஆறுதலோடு சிகிச்சை நின்றுபோகிறது. திருமணம் இந்நோய்க்கு மருந்தென்று எந்த ஆய்வும் காட்டியதில்லை.

முடி வளர்ச்சியை அளக்க ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. மேலுதடு, தாடை, மார்பு என உடலின் ஒன்பது இடங்களுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண். ஆனால் மருத்துவமனைக்கு வருவதற்கு முதல் நாளே அழகுநிலையத்தில் திரெட்டிங் செய்துகொண்டு வரும் பெண்ணின் மேலுதட்டுக்கு என்ன மதிப்பெண் போடுவது? தாளில் பூஜ்யம் விழும். வாரந்தோறும் கண்ணாடி முன் அவள் படும் பாடு கணக்கில் வராது. இந்நோயுள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதல் என்று தெரிந்திருந்தும், எல்லாரிடமும் அதைக் கேட்டறிய வேண்டும் என்று பன்னாட்டு வழிகாட்டுதல் வற்புறுத்தியது 2018இல்தான்.

மாற்று அளவுகோலுக்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. ஆந்திரத்தின் அனந்தபூரில் 15 முதல் 18 வயதுள்ள 90 மாணவியரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒன்றுக்கு யோகப் பயிற்சியும் மற்றதற்கு வழக்கமான உடற்பயிற்சியும் 12 வாரம் அளித்தார்கள். யோகக் குழுவில் ஆண்ட்ரோஜனும் முடி மதிப்பெண்ணும் கூடுதலாகக் குறைந்தன, மாதவிலக்கு சீரானது, எடையில் பெரிய மாற்றம் இல்லை. பன்னிரண்டு வாரம் குறுகிய காலம், எண்ணிக்கையும் சிறிது. ஆனாலும் இந்த ஆய்வு மணமாகாத பெண்களின் உடல்நலத்தை அதற்காகவே அளந்தது, ஒப்பீட்டுக் குழுவோடு அளந்தது.

8. புதிய நம்பிக்கைகளை நிறுத்துப் பார்த்தல்

2024இல் சாங்காயின் ஃபூதான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மலேரியா மருந்தான ஆர்டிமிசினின் வகை ஒன்று சினைப்பையில் ஆண்ட்ரோஜன் உருவாவதைக் குறைப்பதாகக் கண்டறிந்தார்கள். 19 பெண்களுக்கு 12 வாரம் தந்ததில் 12 பேருக்கு மாதவிலக்கு ஒழுங்காயிற்று. வழிமுறையே புதியது, மகிழத்தக்க கண்டுபிடிப்பு. ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லை. இந்த அளவில், 1935இன் ஏழு பெண்களுக்கும் 2024இன் பத்தொன்பது பெண்களுக்கும் இடையே முறையியல் தூரம் அதிகமில்லை. பெரிய ஆய்வுகள் வரும்வரை பொறுத்திருப்பதே நியாயம்.

மருந்துக் கடைகளில் இன்று பரவலாக விற்கும் இனோசிட்டால் என்ற துணை ஊட்டப்பொருளைப் பற்றி 2023 வழிகாட்டுதல் சொல்வது இதுதான்: தீங்கு குறைவு, பயனுக்கான சான்றும் குறைவு. குறிப்பிட்ட ஓர் உணவுமுறை மற்றவற்றைவிடச் சிறந்தது என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை. வெந்தயம் முதல் விலையுயர்ந்த பொடிகள் வரை எதை யார் பரிந்துரைத்தாலும் அவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம்: எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள், எத்தனை காலம், எதை அளந்தார்கள்?

9. முடிவு

சினைமுட்டையைத் தூண்டுவதில் ஆய்வு தெளிவான விடை தந்திருக்கிறது. உயிருடன் பிறந்த குழந்தை என்ற கடுமையான அளவுகோலை ஏற்றதால் கிடைத்த தெளிவு அது. அதே கடுமையோடு நாற்பது வயதில் நீரிழிவு வந்ததா, ஐம்பதில் கர்ப்பப்பை நலமாக இருந்ததா, இருபதில் அவள் மனம் எப்படி இருந்தது என்று அளக்கும் நீண்டகாலச் சிகிச்சை ஆய்வுகள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வேண்டும். குழந்தை பிறந்ததும் கோப்பை மூடிவிடும் வழக்கம் மாற வேண்டும்.

அதுவரை அந்தப் பதினேழு வயதுப் பெண்ணுக்கு நாம் செய்யக்கூடியவை பல. அவளுடைய மாதவிலக்கு நாட்களைக் குறித்துவைக்கச் சொல்லலாம். ஆண்ட்ரோஜன் அளவையும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்தபின் இரத்தச் சர்க்கரையையும் பரிசோதிக்கலாம். இரத்த அழுத்தத்தைப் பார்க்கலாம். அவள் எப்படி இருக்கிறாள் என்று அவளிடமே கேட்கலாம். இவற்றில் எதற்கும் ஸ்கேன் தேவையில்லை. திருமணத் தேதியும் தேவையில்லை.